பேவர் பிளாக் மேல் சறுக்கு மரம்: நாலு லட்சத்தை எங்கே போடுவது?

கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். சென்னையில் பெரும்பாக்கம் பக்கம் 140 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு. பத்து வருடம் முன்பு பில்டர் போட்டுக் கொடுத்த விளையாட்டு இடத்தில் ஒரு சறுக்கு மரம், இரண்டு ஊஞ்சல், ஒரு சீசா, ஒரு சுற்று ராட்டினம். கீழே பேவர் பிளாக். போன மாதம் ஆறு வயதுக் குழந்தை ஒன்று சறுக்கு மரத்தின் மேல்தட்டிலிருந்து விழுந்து கை முறிந்துவிட்டது. அசோசியேஷன் நாலு லட்சம் ஒதுக்கியிருக்கிறது. பழையதை எடுத்துவிட்டுப் புது பிளாஸ்டிக் செட் வைத்து, பேவர் மேலேயே செயற்கைப் புல் விரித்துத் தருவதாக ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். இது போதுமா, எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும், பழைய சாமான்களை என்ன செய்வது என்று கேட்கிறீர்கள்.

போதாது. அந்தக் கொட்டேஷனில் காசு முழுக்க மேலே போகிறது. குழந்தை விழப்போவது கீழே.

நான் மெக்கானிக்கல் படித்தவன். பதினாறு வருடமாகப் பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் விளையாட்டுச் சாதனங்களைச் சோதித்து அறிக்கை எழுதுகிறேன், எதையும் விற்பதில்லை. போன இடத்திலெல்லாம் முதலில் என்னிடம் காட்டுவது சாதனத்தின் நிறத்தையும் கம்பெனி பெயரையும்தான். தரையைக் காட்டியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். 1.5 மீட்டர் என்றால் 19. நாம் சைக்கிள் மிதிக்கிற வேகம்தான். அந்த வேகம் எத்தனை தூரத்துக்குள் அடங்குகிறது என்பதுதான் உயிருக்கும் சாவுக்கும் இடையே நிற்கிற கணக்கு. பேவரில் அது சில மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும், அடி முழுவதையும் மண்டையோடு வாங்கிக்கொள்ளும். தளர்ந்த மணலில் சில சென்டிமீட்டர் கிடைக்கும். அந்தச் சில சென்டிமீட்டருக்காகத்தான் இவ்வளவு பேச்சும்.

இதை அளப்பதற்கு முறை இருக்கிறது. உள்ளே கருவி பொருத்திய, நாலரை கிலோ சொச்சம் எடையுள்ள அரைக்கோளத்தைத் தளத்தின் மேல் பல உயரங்களிலிருந்து போடுவார்கள். தலைக் காய அளவான எச்.ஐ.சி 1000-ஐத் தாண்டாமலும், அதிர்வு 200 ஜி-யை, அதாவது புவியீர்ப்பைப் போல 200 மடங்கைத் தாண்டாமலும் இருக்கிற அதிகபட்ச உயரம்தான் அந்தத் தளத்தின் வரம்பு. இந்தச் சோதனைக்கான தர விதி ஐரோப்பாவில் ஈ.என் 1177, அமெரிக்காவில் ஏ.எஸ்.டி.எம் எஃப் 1292. கொட்டேஷன் கொடுத்தவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "நீங்கள் போடுகிற இதே தடிமனுக்கு, இந்த இரண்டில் ஒன்றின்படி எத்தனை மீட்டர் என்று சோதனை அறிக்கை இருக்கிறதா?" பத்தில் எட்டு பேர் "சார், இது ஸ்கூலுக்கெல்லாம் போட்டது" என்பார்கள். அது பதில் ஆகாது.

செயற்கைப் புல்லைப் பேவர் மேல் நேராக விரித்தால் நிறம் மாறும், அவ்வளவுதான். 35 மில்லிமீட்டர் புல் என்பது நிற்கிற இழையின் உயரம். தலை பட்டால் அது படுத்துவிடும், அடியில் அதே கல். அடியில் அதிர்வு தாங்கும் ஃபோம் பேட் போட்டு, புல்லும் பேடும் சேர்ந்த மொத்த அமைப்புக்கும் அறிக்கை இருந்தால்தான் அதைப் பாதுகாப்புத் தளம் என்று எடுத்துக்கொள்ள முடியும். நம்மூர் மதிய வெயிலில் செயற்கைப் புல் 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும் என்பது தனிக் கதை.

ரப்பர் தளத்திலும் இதே ஏமாற்று உண்டு. ஓட்டப் பந்தயத் தடத்துக்குப் போடுவது 13 மில்லிமீட்டர். அது ஓடுபவரின் காலுக்கானது. அதையே கான்கிரீட் மேல் வண்ண வண்ணமாகப் போட்டு, நடுவில் ஒரு மீன் படம் வரைந்து, விளையாட்டுத் தளம் என்று பில் போட்டுவிடுகிறார்கள். ஒன்றரை மீட்டர் விழு உயரத்துக்குக் கறுப்பு ரப்பர் அடுக்கும் மேலே ஈ.பி.டி.எம் என்கிற வண்ண ரப்பர் அடுக்கும் சேர்ந்து பொதுவாக 2 இன்ச்சை ஒட்டியோ அதற்கு மேலோ வேண்டியிருக்கும். வேலை நடக்கும்போதே ஓரத்தில் ஒரு ஆணியைக் குத்தி ஆழம் பாருங்கள். காய்ந்த பிறகு யாரும் தோண்டிக் காட்ட மாட்டார்கள். தவிர, இந்தத் தளம் வருடா வருடம் வெயிலில் இறுகும். போட்ட அன்று கிடைத்த எண் எட்டு வருடம் கழித்தும் அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

உங்கள் பட்ஜெட்டுக்கு நான் சொல்வது மணல். கேட்டதும் கமிட்டியில் முகம் சுளிப்பார்கள், பழைய காலத்து யோசனை மாதிரி இருக்கும். சரியாகப் போட்டால் அதைவிட மலிவான நல்ல தளம் சென்னையில் கிடையாது.

எந்த மணல் என்பது முக்கியம். எம்-சாண்ட் வேண்டவே வேண்டாம். அது உடைத்த கல். முனைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், உள்ளே இருக்கும் தூள் மழையில் நனைந்து இறுகித் தரை போல் ஆகிவிடும். கட்டடத்துக்கு அந்தக் குணம்தான் வேண்டும், குழந்தைக்கு அதுதான் ஆபத்து. கழுவிச் சலித்த, உருண்டையான மணல் வேண்டும். ஐரோப்பிய அளவு 0.2 முதல் 2 மில்லிமீட்டர். ஆழம் 30 சென்டிமீட்டர், கூடவே காலால் தள்ளப்பட்டுப் போவதற்காக 10, ஆக மொத்தம் 40. இந்தக் கணக்கு 3 மீட்டர் விழு உயரம் வரை தாங்கும் என்கிறது ஈ.என் 1176, விளையாட்டுச் சாதனங்களுக்கான ஐரோப்பிய விதி. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு இதைவிடக் கறார். 9 இன்ச் மணலுக்கு 4 அடி உயரம்தான் அது தரும். இரண்டுக்கும் நடுவே நான் செய்வது இதுதான்: 40 சென்டிமீட்டர் மணல் போட்டு, பிள்ளைகள் ஏறி நிற்கும் தட்டின் உயரத்தை 5 அடிக்குள் நிறுத்திவிடுவேன்.

எவ்வளவு இடத்துக்கு என்பதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். சறுக்கு மரம் மாதிரி நிலையாக நிற்கும் சாதனத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 6 அடி. ஊஞ்சலுக்கு, மேல்கம்பி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதைப் போல இரண்டு மடங்கு முன்னால், இரண்டு மடங்கு பின்னால். 8 அடி உயர ஊஞ்சல் என்றால் 16-ம் 16-ம், 32 அடி நீளம். சட்டம் 10 அடி அகலம் என்றால் இரு பக்கமும் 6 அடி கூட்டி 22. கிட்டத்தட்ட 700 சதுர அடி, 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு சுமார் 9 யூனிட் மணல் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி). மேல்கம்பியை 6 அடிக்கு இறக்கினாலே அது 7 யூனிட்டுக்குக் கீழே வந்துவிடும். அதனால் கடைக்காரர் "பெரிய ஊஞ்சல் சார், அதே ரேட்" என்று சொன்னால் அதே ரேட் இல்லை. தரையில் உங்களுக்குப் பணம் போகிறது.

பெரும்பாக்கத்தில் இன்னொரு சிக்கல் தண்ணீர். பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்வான களிமண் பூமி. குழி தோண்டி மணல் கொட்டினால் அக்டோபரில் அது குளம். அதனால் பேவரைப் பெயர்த்துவிட்டு, அடியில் அரையடி ஜல்லி, அதன் மேல் தண்ணீரை மட்டும் இறங்கவிட்டு மணலைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி, நடுவே துளையிட்ட பைப் ஒன்றை மழைநீர் வடிகாலுக்கு இழுத்துவிட்டு, பிறகு மணல். சுற்றிலும் கட்டும் விளிம்புச் சுவர் அந்த 6 அடிக்கு வெளியே இருக்கட்டும். தலை மோத இன்னொரு கான்கிரீட் முனையை நாமே கட்டிவைத்த கதை ஆகிவிடக் கூடாது. பெசன்ட் நகர், கொட்டிவாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த வடிகால் தொல்லை கிடையாது. அவர்களுக்கு உப்புக் காற்று என்று வேறு எமன் இருக்கிறான், அதற்கு வருகிறேன்.

பூனை மணலைக் கழிப்பறையாக்கிவிடும் என்பது உண்மையான ஆட்சேபம். நாய், பூனை மலத்திலிருந்து புழுத் தொற்று வரும். இரவில் வலை விரித்து மூடுவது, அல்லது சுற்றி மூன்றடி வேலி போட்டுத் தானாக மூடும் கதவு வைப்பது, வாரத்துக்கு ஒருமுறை வாரியால் கிளறிச் சலிப்பது. இதைச் செய்ய ஆள் இல்லையென்றால் மணல் வேண்டாம், தடிமனான ரப்பருக்கே போய்விடுங்கள். அப்போது நாலு லட்சத்தில் ஒரே ஒரு சாதனத்துக்குத்தான் தளம் போட முடியும் என்று தோன்றினால் ஒரே சாதனம் வையுங்கள். மிச்சம் வெறும் புல்தரையாக இருக்கட்டும், பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள்.

கமிட்டியிடம் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். எச்.ஐ.சி என்பது தலைக்கான கணக்கு, கைக்கு அது பேசாது. மணலில் விழுந்தாலும் கையை ஊன்றினால் மணிக்கட்டு முறியலாம், அந்தக் குழந்தைக்கும் முறிந்திருக்கலாம். உயரத்தைக் குறைத்தால்தான் கை முறிவு குறையும். மணல் போட்ட பிறகும் யாருக்காவது கட்டுப் போட நேர்ந்தால் "இவ்வளவு செலவழித்து என்ன பயன்" என்று கூட்டத்தில் எழுந்து கேட்க ஒருவர் இருப்பார். அவருக்கு இப்போதே பதில் தயாராக இருக்கட்டும்.

சாதனத்துக்கு வருவோம். நான் எங்கே போனாலும் பையில் இரண்டு பொருள் இருக்கும். ஒன்று 9 சென்டிமீட்டருக்கு 16 சென்டிமீட்டர் அளவில் வெட்டிய மரக்கட்டை. இன்னொன்று 23 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தட்டு. கட்டை என்பது சின்னக் குழந்தையின் உடம்பு, தட்டு என்பது தலை. கம்பிகளுக்கு இடையே, படிகளுக்கு இடையே, தடுப்புக்கும் தட்டுக்கும் இடையே என்று ஒவ்வொரு இடைவெளியிலும் கட்டையை நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லையென்றால் நல்லது. நுழைந்தால் தட்டும் தாராளமாக நுழைய வேண்டும். கட்டை போய், தட்டு போகவில்லையென்றால் குழந்தை காலை விட்டு, உடம்பை விட்டு, தலையில் மாட்டித் தொங்கும். மாட்டினால் கால் தரைக்கு எட்டாது. உள்ளூர் வெல்டர் அடித்த கைப்பிடிகளில் பெரும்பாலும் 5 இன்ச் இடைவெளி விடுகிறார்கள், பார்வைக்கு அழகாக இருக்கிறது என்று. அதுதான் சரியாகத் தவறான அளவு. நடுவே ஒரு கம்பி கூடுதலாக வைத்து வெல்டு செய்தால் தீர்ந்தது. கட்டையும் தட்டும் செய்ய நூறு ரூபாய் ஆகாது, அசோசியேஷன் அறையில் மாட்டிவையுங்கள்.

கழுத்தில் கிடப்பதும் இதோடு சேர்ந்தது. ஸ்கூல் ஐ.டி கார்டு டேக், துப்பட்டா, தாயத்துக் கயிறு. சறுக்கு மரத்தின் மேல்முனையில் நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டில் கயிறு மாட்ட, குழந்தை கீழே சறுக்க, ஒரு நொடிதான். நட்டுக்கு வெளியே இரண்டு மரைக்கு மேல் தெரியக் கூடாது. மிச்சத்தை அறுத்து, தொப்பி மூடி போடுங்கள். சைக்கிள் ஹெல்மெட்டும் இப்படித்தான். சைக்கிளில் உயிர் காக்கிற அதே ஹெல்மெட், கம்பி இடைவெளியில் மாட்டினால் வாரோடு தூக்குக் கயிறாகிவிடும். ஏறுவதற்கு முன் கழற்றச் சொல்லுங்கள்.

பெரியவர்கள் செய்யும் தவறு ஒன்று. ஒன்றரை வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தாத்தாவோ அம்மாவோ சறுக்குவது. பாதுகாப்பு என்றுதான் செய்கிறார்கள். குழந்தையின் ஷூ ஓரத்தில் உரசி நிற்கும், பெரியவரின் எடை சேர்ந்து கீழே தள்ளும், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறியும். தனியாகச் சறுக்கிய குழந்தையின் கால் மாட்டினால் அது நின்றுவிடும், அவ்வளவுதான்.

வெயிலைப் பற்றி வெளிநாட்டுக் கையேடுகள் சறுக்கை வடக்கு பார்த்து வை என்கின்றன. அங்கே அது சரி. சென்னை 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சியில். எந்தத் திசை பார்த்து வைத்தாலும் தகரம் சுடும். நிழல் ஒன்றே வழி. வேப்ப மரமோ புங்க மரமோ வளரும்வரை நிழல் வலை. புறங்கையைச் சறுக்கின் மேல் ஐந்து நொடி வைக்க முடியவில்லையென்றால் அன்றைக்குப் பூட்டு. குழந்தைகளின் தோல் மெல்லியது, நமக்குச் சுள்ளென்று இருப்பது அவர்களுக்குக் கொப்புளம்.

பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, ஆனால் அது வீட்டுப் பெயின்ட்டுக்கும் அலங்காரப் பெயின்ட்டுக்கும்தான். பட்டறையில் தொழிற்சாலைப் பெயின்ட் அடிப்பார்கள். பழைய மஞ்சள், ஆரஞ்சு உரிந்து விழுந்தால் சுரண்டித் தூசி கிளப்பாதீர்கள், ஈரப்படுத்தி எடுங்கள்.

திறந்தவெளி ஜிம் கருவிகள் பக்கத்தில் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் வேலி போட்டுப் பிரியுங்கள். அதற்கான ஐரோப்பிய விதியே 1.4 மீட்டர் உயரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு என்கிறது. நம் பிள்ளைகளோ அதன் மேல்தான் முதலில் ஏறுவார்கள், அதன் மூட்டுகள் விரலை நசுக்கும்.

இனி சோதனை. ஈ.என் 1176-இன் ஏழாம் பகுதி மூன்று படி சொல்கிறது: கண்ணால் பார்க்கும் அன்றாடப் பார்வை, ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இயக்கச் சோதனை, வருடத்துக்கு ஒருமுறை முழுச் சோதனை. அன்றாடப் பார்வையைத் தோட்டக்காரரிடம் கொடுங்கள், செக்யூரிட்டியிடம் வேண்டாம். செக்யூரிட்டி மாறிக்கொண்டே இருப்பார். தோட்டக்காரர் காலையில் அங்கேதான் கூட்டுகிறார். கண்ணாடிச் சில்லு, ஊஞ்சலுக்கு அடியில் குழி, அறுந்த வார், ஈரமான தட்டு, இவ்வளவுதான் அவர் பார்க்க வேண்டியது. மணல் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அவருக்கு எண் சொல்லாதீர்கள். ஒவ்வொரு தூணிலும் மணல் மட்டத்தில் சிவப்புக் கோடு அடித்துவிடுங்கள். கோடு முழுசாகத் தெரிந்தால் மணல் குறைந்துவிட்டது, வாரி நிரப்பு. நான் போட்டுக் கொடுத்த ஏற்பாடுகளில் பல வருடம் கழித்தும் உயிரோடு இருப்பது இந்தக் கோடு ஒன்றுதான்.

இயக்கச் சோதனைக்கு நம்மூர் நாள்காட்டி தானே தேதி கொடுக்கிறது. ஜூனில் பள்ளி திறக்கும் முன், செப்டம்பர் கடைசியில் மழைக்கு முன், பொங்கல் முடிந்ததும், கோடை விடுமுறை தொடங்கும் முன். நான்கு முறை. ஊஞ்சல் செயினின் கொக்கி வாய் திறந்திருக்கிறதா, ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவுக்குக்கூட வாய் பிளக்கக் கூடாது. மேலே செயின் உரசுகிற இடத்தில் கம்பி மூன்றில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் மாற்றிவிடுவது என் வழக்கம். ஃபைபர் சறுக்கில் விரிசல் இருந்தால் கண்ணாடி இழை தொடையில் ஏறும், ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள், துணி சிக்கினால் விரிசல். டயர் ஊஞ்சலில் தண்ணீர் தேங்கினால் கொசு முட்டையிடும், அடியில் இரண்டு துளை போடுங்கள். தோட்ட விளக்குக் கம்பங்களுக்கு மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி இருக்கிறதா என்று மழைக்கு முன் எலக்ட்ரீஷியன் சோதனைப் பட்டனை அழுத்திக் காட்ட வேண்டும், வாயால் சொன்னால் போதாது.

தூணின் அடிதான் நான் அதிக நேரம் குந்தி உட்காரும் இடம். கான்கிரீட்டும் இரும்பும் சேரும் விளிம்பில் தண்ணீர் தேங்கி உள்ளுக்குள் துரு தின்னும். திருவான்மியூர் பக்கம் ஒரு குடியிருப்பில், போன மாதம்தான் பெயின்ட் அடித்தோம் என்று பெருமையாகக் காட்டினார்கள். அரைக் கிலோ சுத்தியலால் தட்டினேன். மூன்று தூண் கணீரென்றது, நாலாவது தொம்மென்றது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், பட்டிக்குள் போவது போல் கைப்பிடி வரை போய்விட்டது. உண்மையில் அது பட்டிதான். துளையைப் பட்டியால் அடைத்து மேலே நீலம் அடித்திருந்தார்கள். அன்று மாலை வரை அந்த ஊஞ்சலில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கடலோரம் இருப்பவர்கள் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த பைப் மட்டும் வாங்குங்கள். வெல்டு செய்த பிறகு முக்கியதா என்றும் கேளுங்கள், முதலில் முக்கிப் பிறகு வெல்டு செய்தால் அந்த மூட்டில்தான் துரு தொடங்கும்.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, என்ன பழுது, யார் சரி செய்தது, எப்போது என்று கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டது பதிவு ஆகாது, நாலு நாளில் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் போய்விடும். மாநகராட்சிப் பூங்காவில் இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் 1913-க்கு அழைத்துப் புகார் எண் வாங்கி அதையும் அதே நோட்டில் குறித்துக்கொள்ளலாம்.

நாலு லட்சத்துக்கு என் பங்கீடு: பாதிக்கு மேல் தரைக்கும் வடிகாலுக்கும். நிழல் வலைக்குக் கொஞ்சம். மிச்சத்தில் 5 அடிக்குள் உள்ள ஒரு சறுக்கு, 6 அடி உயரத்தில் ரப்பர் இருக்கை வைத்த ஊஞ்சல் ஒரு சட்டத்தில் இரண்டு மட்டும். மரப்பலகை, இரும்புத் தட்டு இருக்கை வேண்டாம், குறுக்கே ஓடும் குழந்தையின் நெற்றி அந்த உயரத்தில்தான் இருக்கும். சீசா நன்றாக இருந்தால் இருக்கட்டும், இரு முனைக்கும் அடியில் பாதி டயர் புதைத்துவிடுங்கள்.

பழைய சறுக்கையும் ராட்டினத்தையும் பக்கத்து அங்கன்வாடிக்குக் கொடுத்துவிடலாமா என்று கமிட்டியில் யாராவது நல்ல மனதோடு கேட்பார்கள். நம் பிள்ளைக்கு ஆகாதது அந்தப் பிள்ளைக்கும் ஆகாது. ரிப்பன் கட்டி "உபயோகிக்காதீர்" என்று எழுதி ஓரமாக வைப்பதும் வேண்டாம், அன்று மாலையே அதில் நாலு பேர் தொங்குவார்கள். கேஸ் கட்டர் வைத்துத் துண்டு போட்டு, கான்கிரீட் அடித்தளத்தையும் தோண்டி எடுத்துவிட்டு, இரும்பைக் காயலான் கடையில் எடை போட்டுக் கொடுத்துவிடுங்கள். அடித்தளத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். மேலே மணல் கொட்டிவிட்டால் அது எங்கே இருக்கிறது என்று அடுத்த கமிட்டிக்குத் தெரியாது.